இடஞ்சுழிக்காரி

தமிழ்நாட்டில் அத்தனை பேருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கிற அடையாள அட்டையை வடிவமைத்தவள் நான். அதே அட்டையைப் பார்த்துத்தான் ஒரு வீட்டில் என்னை மருமகளாக வேண்டாம் என்றார்கள். இப்படி ஒரு பெருமை வேறு யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

என் பெயர் நப்பின்னை. அப்பா தமிழாசிரியர் என்பதால் வந்த வினை. ஆபீஸில் எல்லாருக்கும் நான் பின்னி. கோயம்புத்தூரில் அடையாள வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை. பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யச் சொன்னபோது, எங்கள் இயக்குநர் ஜைனப் மேடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

“பேர் வேணாம், போட்டோ வேணாம். அப்பா பேர், ஊர், தெரு எதுவும் வேணாம். ஆள் யாருன்னு மிஷினுக்குத் தெரிஞ்சா போதும். ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிற மனுஷனுக்குத் தெரியவே கூடாது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அரசு அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் பழைய அட்டையை வாங்கியதும் முதலில் படிப்பது அப்பா பெயரையும் ஊரையும்தான். அதைப் படித்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவரை ‘வாங்க’ என்பதா, ‘வா’ என்பதா என்று அவர் மனதுக்குள் முடிவாகிவிடும். மேடத்துக்கு அந்த ‘வா’ நிறையக் கிடைத்திருக்கிறது. எனக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கட்டைவிரலில் வந்து நின்றேன். வலது கட்டைவிரலின் ரேகையை அட்டை முழுக்கப் பெரிதாக்கி, கோடுகளுக்கு நடுவில் வண்ணம் ஊற்றினேன். ஒருவருக்கு மயில்நீலம், ஒருவருக்கு மாம்பழ மஞ்சள், எது யாருக்கு என்பது கம்ப்யூட்டர் போடும் சீட்டு. வேறு ஒரு எழுத்துகூட இல்லை. அட்டையை மிஷின் மேல் வைத்து, விரலையும் வைத்தால் இரண்டும் பொருந்துகிறதா என்று அது பார்த்துக்கொள்ளும். விரல் இல்லாமல் அட்டை மட்டும் கிடைத்தவனுக்கு அது வெறும் படம்.

அட்டை வெளியான புதிதில் ஊரே கொண்டாடியது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் அட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரு ஜவுளிக்கடை, மணப்பெண்ணின் ரேகையையே முந்தானையில் நெய்து கொடுப்பதாக விளம்பரம் செய்தது. பென்ஷன் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருஷமாக ஆள் பார்த்துப் பேசிய ஒரு குமாஸ்தா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிபடாமல் வந்தவர் எல்லாரையும் ‘வாங்க, உக்காருங்க’ என்றார். அதைக் கேள்விப்பட்ட அன்று ஜைனப் மேடம் ஆபீஸுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நானும் இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். உலகத்தைத் திருத்திவிட்டோம் என்ற திருப்தியில் கொஞ்சம் கூடுதலாகவே பசித்தது.

நம் மக்களை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

ரேகைகளில் பொதுவாக மூன்று வகை. சில விரல்களில் கோடுகள் வில்லாக வளைந்து அடுத்த பக்கம் போய்விடும். சிலவற்றில் வளையமாகத் திரும்பி வந்துவிடும். சிலவற்றில் நடுவில் சுழன்று நிற்கும். இந்தச் சுழியில்தான் வந்தது வம்பு. சுழியைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தலையில் இரண்டு சுழி இருந்தால் இரண்டு பெண்டாட்டி என்று சொல்லிச் சிரிக்கிற ஊர் இது. காங்கேயம் பக்கம் மாட்டுச் சந்தைக்குப் போனால் சுழி பார்க்காமல் எவரும் மாட்டை விலை பேசிக் கயிறு மாற்ற மாட்டார்கள். மாட்டின் உடம்பில் மயிர் எங்கே சுழிக்கிறது, மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதில் அங்கே பெரிய பெரிய வித்வான்கள் உண்டு. ‘பெண்டிழந்தான் சுழி’ என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சுழி உள்ள மாட்டை வாங்கினவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பானாம். மாட்டுக்கு இப்படி ஒரு பழி.

அந்தச் சந்தையில்தான் யாரோ ஒருவர் முதன்முதலாக நான் செய்த அட்டை ஒன்றைக் கையில் வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்து, “இது வலஞ்சுழி, குடும்பம் விருத்தி” என்று சொல்லியிருக்கிறார். அடுத்தவருக்கு, “இது இடஞ்சுழி, ஆகாது” என்றும். கடிகார முள் போகிற பக்கம் சுற்றினால் வலம். எதிர்ப்பக்கம் சுற்றினால் இடம். வில் வந்தால் கையில் எதுவும் தங்காது. அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி பரவிவிட்டது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு அட்டையும் கேட்டார்கள். வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் வில்காரர்களை வாசலோடு அனுப்பினார்கள். இடஞ்சுழிப் பெண் என்றால் புருஷனுக்கு ஆகாது என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. அப்பா பெயரைப் பார்த்து மரியாதை கொடுத்த ஊர், இப்போது கட்டைவிரலைப் பார்த்துக் கொடுத்தது.

சரி, இந்த வித்தையை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார் என்று விசாரித்தால், புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. பெயர் வளர்மதி. சிவன்மலை அடிவாரத்தில் காளைப் பண்ணை. சுழி பார்ப்பதில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அவருடைய ஒரே மகன் திருமாறனைத்தான் நான் காதலித்துக்கொண்டிருந்தேன்.

திருமாறன் கால்நடை மருத்துவன். மாட்டுக்கு மூக்கில் ரேகை உண்டு, மனிதருக்குக் கைரேகை மாதிரி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதை வைத்து மாட்டுக்கும் அடையாள அட்டை செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு ஒருநாள் எங்கள் ஆபீஸுக்கு வந்தான். கையில் ஒரு கட்டுத் தாள். எல்லாம் மை ஒத்தி எடுத்த மாட்டு மூக்கு. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, இவன் கோபக்காரன், இவள் கூச்சக்காரி என்று அறிமுகம் செய்துவைத்தான். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

பெண் பார்க்க வந்த அன்று வளர்மதி அத்தை காபியைக்கூடத் தொடவில்லை. ஆறடி உயரம், அதட்டினால் காளையே உட்காரும் குரல். வலது கட்டைவிரலில் மட்டும் வெள்ளைத்துணி சுற்றிக் கட்டியிருந்தார்.

“விரல்ல என்னங்க ஆச்சு?” என்று அம்மா கேட்டாள்.

“அருவாமணை வெட்டிருச்சுங்க. அது கெடக்கட்டும். அம்மணியோட அட்டையக் கொண்டாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் திருமாறனைப் பார்த்தேன். அவன் மாட்டுக்கு ஊசி போடும்போது வாலைப் பிடித்துக்கொள்கிறவர்கள் முழிப்பது மாதிரி முழித்தான். அவன் அப்பா நல்லசிவம் மாமா மட்டும் நிம்மதியாக முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவர் மடியில் எதற்கோ ஒரு ஹெல்மெட் இருந்தது.

அட்டையைக் கொடுத்தேன். மாம்பழ மஞ்சளில், நானே வரைந்த அழகான சுழி. அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெற்றி சுருங்கியது.

“இடஞ்சுழி,” என்றார்.

அறையில் முறுக்குச் சத்தமும் நின்றுவிட்டது.

“அத்தை, அது வெறும் தோலோட மடிப்புங்க. அந்த அட்டையச் செஞ்சதே நான்தான். அதுல அர்த்தம் ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியாதா?”

“நீ செஞ்சே, சரி. மாட்ட நாம படைச்சமா, அம்மணி? ஆனா சுழி பாக்கறோமல்ல? எனக்கு உன்மேல ஒரு கொறையும் இல்ல. பாந்தமாத்தான் இருக்கற. ஆனா என்ற பையன் உசுரு எனக்குப் பெருசு. புருசனுக்கு ஆகாத சுழிய வூட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டு நான் தெனமும் பயந்துட்டு இருக்க முடியாது. அந்தப் பயம் என்னன்னு உனக்குத் தெரியாது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக உடைந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்திருந்தது. அவர்கள் கிளம்பும்போது நல்லசிவம் மாமா கார் ஏறுவதற்கு முன்பே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரிப்பதற்குக்கூட மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் திருமாறன் போனில் கூப்பிட்டான்.

“நாம ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம் பின்னி. நீ சரின்னு சொல்லு, நாளைக்கே.”

“உங்கம்மா இல்லாமயா? அந்தம்மாவைத்தான் எனக்கு உன்னைவிட ஒரு படி கூடுதலாப் பிடிச்சிருக்கு. அதட்டுனாலும் நேரா அதட்டுறாங்க.”

“அம்மா இப்ப ஒரு மாதிரியாத்தான் இருக்காங்க. அப்பாவ பைக் தொட விடறதில்ல. கார்லயும் ஹெல்மெட். வாரா வாரம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. தும்முனா கசாயம். நாலு மாசமா இதே கூத்து. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.”

அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நன்றாகவே அழுதேன். அட்டையை எடுத்து அலமாரிக்கு மேலே வீசினேன். மறுநாள் ஆபீஸ் கேட்டைத் திறக்க அது வேண்டியிருந்ததால், காலையில் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன்.

அந்த வாரம் ஆபீஸுக்கு ஷர்மிதா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, நான்கு வயதிருக்கும். முகம் வாடியிருந்தது. என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டினாள். தோல் சிவந்து, உரிந்து, பார்க்கவே எரிந்தது.

“உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சேன்க்கா. நிச்சயம் ஆனது நின்னு போச்சு. இடஞ்சுழியாம். இதை அழிச்சிட்டு வந்தா வேற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா?”

மருந்துப் பெட்டியைத் திறந்து அவள் விரலுக்குக் களிம்பு போட்டேன். தோல் திரும்ப வளரும், பழைய ரேகையே வரும், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை வைத்துக் காயத்தைப் பார்த்தேன். பாதி அழிந்திருந்தாலும் நடுச்சுழி பிழைத்திருந்தது. அது கடிகார முள் போகிற பக்கம் சுற்றியது. மேஜை மேலிருந்த அவள் அட்டையில் எதிர்ப்பக்கம்.

விரலைப் பார்த்தேன், அட்டையைப் பார்த்தேன், திரும்பவும் விரலைப் பார்த்தேன். பிறகு என் நெற்றியில் நானே ஓங்கி அறைந்துகொண்டேன். ஷர்மிதா பயந்துபோனாள்.

ஜைனப் மேடம் அறைக்கு ஓடினேன். அவர் முகமும் நன்றாக இல்லை. மேலிடத்திலிருந்து கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சுழிப் பைத்தியம் அடங்காவிட்டால் பழைய அட்டையே திரும்ப வந்துவிடும், போட்டோவும் அப்பா பெயருமாக.

“மேடம், ஒரு பொண்ணு இடஞ்சுழின்னு விரலையே தேய்ச்சுட்டு வந்திருக்கா. ரேகை ஸ்கேன் பண்ணும்போது படம் எப்படி வரும்?”

“என்ன பின்னி, சின்னப் புள்ள மாதிரி கேக்கறே? மை தடவித் தாள்ல ஒத்துனா எப்படி வருமோ அப்படி. அந்தக் காலத்துலேர்ந்து அதானே வழக்கம்.”

“ஒத்துனா திரும்பித்தானே விழும்? ரப்பர் ஸ்டாம்ப்ல எழுத்தெல்லாம் திருப்பி இருக்கிற மாதிரி. விரல்ல வலம்னா அட்டையில இடம். எல்லாருக்கும். ஒருத்தர் பாக்கி இல்லாம.”

மேடம் தன் கட்டைவிரலையும் அட்டையையும் எடுத்து முன்னும் பின்னுமாகப் பார்த்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

“இதை நாளைக்கே பேப்பர்ல போடலாம். ஆனா நீ அவசரப்படாதே. சட்டுன்னு போட்டோம்னா என்ன ஆகும்? நேத்து வரைக்கும் இடஞ்சுழின்னு ஒதுக்கினவங்களை வலம்னு தலையில தூக்கி வைப்பாங்க. வலஞ்சுழிக்காரங்களை ஒதுக்குவாங்க. தேய்க்கிற விரல்தான் மாறும்.”

அது உண்மைதான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் துள்ளலாகவே இருந்தது. என் விரல் வலம்! வளர்மதி அத்தையின் வாயாலேயே அதைச் சொல்லவைக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவன்மலைக்கு பஸ் ஏறினேன்.

பண்ணைக்குப் போனபோது திருமாறன் சாம்பல் நிற மயிலைக் காளை ஒன்றுக்கு மூக்கு ரேகை எடுத்துக்கொண்டிருந்தான். அத்தை காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கட்டைவிரலில் இன்னும் அதே துணி. நல்லசிவம் மாமா தூரத்தில் வைக்கோல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார், தலையில் ஹெல்மெட்டோடு.

என்னைப் பார்த்ததும் அத்தை, “வா அம்மணி. வந்தவள வரவேண்டாம்னு சொல்ற பழக்கம் எங்கூட்ல இல்ல. மோர் குடி. ஆனா பேச்சு பேச்சுத்தான், மாறாது,” என்றார்.

“மோர் அப்பறம் குடிக்கிறேனுங்க அத்தை. ஒரு சந்தேகம். நீங்க சுழி பாக்கறது மாட்டு மேலயா, மாட்டோட போட்டோவுலயா?”

“இதென்ன கேள்வி? மாட்டு மேலதான். போட்டோவ நம்ப முடியுமா? வலத்த இடமாத் திருப்பிக் காட்டி ஏமாத்திப் போடுவானுங்க.”

“சரிங்க. அந்தக் காளையோட மூக்குல ஒரு வடு இருக்குதல்ல? நமக்கு நேரா நின்னு பாத்தா எந்தப் பக்கம்?”

“சோத்துக்கைப் பக்கம். கன்னா இருந்தப்ப முள்வேலியில கிழிச்சுக்கிச்சு.”

“மாறா, அந்தத் தாளைக் காட்டு.”

திருமாறன் அப்போதுதான் ஒத்தியெடுத்த தாளைக் காளையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். தாளில் வடு இடது கைப்பக்கம் இருந்தது. அத்தை தாளைப் பார்த்தார், காளையைப் பார்த்தார். காளை தாளை நக்கப் பார்த்தது.

“ஒத்துனா திரும்பித்தான் விழும் அத்தை. என் அட்டையும் ஒத்துன படந்தான். மாட்டை நேராப் பாக்கறவங்க மனுசியையும் நேராப் பாக்கோணுமல்ல? இந்தாங்க, விரலைப் பாருங்க.”

நீட்டிய என் கட்டைவிரலைப் பிடித்து அத்தை வெயிலில் சாய்த்தார். அரை நிமிஷம் மூச்சு விடாமல் பார்த்தார்.

“வலம்,” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. “அப்ப... இது உன்ற அட்டைக்கு மட்டுமா?”

“எல்லா அட்டையும் அப்படித்தானுங்க.”

“எல்லாமா? ஒண்ணு தப்பாமயா?”

“ஒண்ணு தப்பாம.”

ஜெயித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்தபோது அத்தை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அந்த ஆறடி உடம்பு சுருங்கிப்போனது. துணி சுற்றிய விரலை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திருமாறன் தாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். வைக்கோலைப் போட்டுவிட்டு மாமாவும் வந்தார்.

“என்ற அட்டை மட்டும் மாறிப்போச்சுன்னு நெனச்சேன்,” என்றார் அத்தை. “சந்தையில எல்லார்கிட்டயும் காட்டினேன், வலஞ்சுழி வலஞ்சுழின்னு. வூட்டுக்கு வந்து சும்மா விரலையும் ஒரு போட்டோ புடிச்சுப் பாத்தேன். இடமா இருந்துச்சு. போனு திருப்பிக் காட்டுதோன்னு வெறுங்கண்ணுலயும் பாத்தேன். இடந்தான்.”

அவர் துணியை அவிழ்த்தார். சுற்றுச் சுற்றாக வந்தது. உள்ளே வெட்டும் இல்லை, காயமும் இல்லை. நாலு மாதம் வெயில் படாத, வெளுத்துப்போன ஒரு கட்டைவிரல்.

“அந்தச் சுழி புருசனுக்கு ஆகாதுன்னு ஊருக்கெல்லாஞ் சொன்னதே நானு. அப்பறம் ராத்திரி பகலா இவரு மூச்சையே எண்ணிட்டுக் கெடந்தேன். இருமுனாப் பயம். வண்டியில போனாப் பயம். என்ற விரலால இவருக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா...” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பயம் என்னவென்று உனக்குத் தெரியாது என்று அவர் எங்கள் வீட்டில் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நல்லசிவம் மாமா ஹெல்மெட்டைக் கழற்றித் தொட்டி மேல் வைத்தார். அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெளுத்த விரலை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் இத்தனை வார்த்தை பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

“ஏன் மதி, இந்தக் கையப் புடிச்சுட்டுத்தான நான் மணவறையச் சுத்துனேன்? அன்னிக்கும் இது இடஞ்சுழிதான? முப்பது வருசமாச்சு. ஒரு நாளு காச்சல்னு படுத்திருக்கறனா? நான் படுத்ததெல்லாம் இந்த நாலு மாசந்தான். அதுவும் நீ குடுத்த கசாயத்துல.”

முதலில் சிரித்தது திருமாறன். அடுத்து நான். அத்தை அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே மாமாவின் முதுகில் ஒன்று வைத்தார். நாலு மாதம் அடக்கிவைத்த சிரிப்பு அது. அடங்குவதற்குள் காளை மூக்கு ரேகைத் தாளைத் தின்று முடித்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை எழுந்தார்.

“சரி அம்மணி. நான் இடம், நீ வலம். உன்னைய வேண்டாம்னு சொல்ல எனக்கு இனி என்ன யோக்கியதை இருக்குது? நல்ல சுழி உன்னுதுதான். நீயே வா இந்த வூட்டுக்கு.”

இதைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்தேன். ஆனால் கேட்டதும் உள்ளே ஏதோ முரண்டு பிடித்தது. ஷர்மிதாவின் உரிந்த விரல் கண் முன்னால் வந்தது.

“வலம்னு கூப்பிட்டா நான் வரலீங்க அத்தை,” என்றேன். என் வாயா இது என்று எனக்கே ஆச்சரியம். திருமாறன் தலையில் கை வைத்துக்கொண்டான். “நாளைக்கு இன்னொருத்தி இடஞ்சுழின்னு விரலைத் தேய்ச்சுட்டு நிப்பா. அவளை வேண்டாம்னு சொல்ற வூட்டுக்கு நான் வலஞ்சுழின்னு வர மாட்டேன்.”

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். நல்ல காளையை அப்படித்தான் பார்ப்பாராம், பிறகு திருமாறன் சொன்னான்.

“பின்ன எதுக்குத்தான் வருவ?”

“உங்க பையனப் புடிச்சிருக்குது. அதுக்கு வருவேன்.”

“அவனையா?” என்று அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தார். கை, சட்டை, மூக்கு நுனி எல்லாம் மை அப்பிக்கொண்டு நின்றான் அவன். “சரி, உன்ற விதி. நாலு பேர் சொல்லித்தான் இது பரவுச்சு. அதுல மொதல்ல சொன்னவ நானு. நானே போயி அடைக்கறேன். வர்ற சந்தைக்கு நீயும் வா.”

போனேன். அந்தச் சந்தையை வாழ்நாளில் மறக்க மாட்டேன். மாடுகளுக்கு நடுவே ஒரு வண்டி மேல் ஏறி நின்று, வளர்மதி அத்தை வெறும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“எல்லாரும் பாத்துக்கோங்க. நான் இடஞ்சுழிக்காரி. இத்தன நாளா உங்களுக்கெல்லாம் தப்பாச் சொல்லிட்டேன். அதா நிக்கறாரு பாருங்க என்ற ஊட்டுக்காரரு, குத்துக்கல்லாட்டம். என்ன ஆயிப்போச்சு அவருக்கு?”

மாமா கூச்சத்தோடு கும்பிட்டார். பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? எல்லாரும் தங்கள் அட்டையையும் விரலையும் எடுத்து ஒப்பிட ஆரம்பித்தார்கள். வலமெல்லாம் இடம், இடமெல்லாம் வலம். மருமகளைத் திட்டிய மாமியார்கள் தங்கள் விரலை முந்தானைக்குள் ஒளித்தார்கள். ஒருவர் அட்டைதான் கணக்கு என்றார், ஒருவர் விரல்தான் கணக்கு என்றார். ஒரே ஆள் இரண்டையும் சொன்னார், தன் மகனுக்கு அட்டை, தன் மருமகனுக்கு விரல். சந்தையே கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்று சிரித்தது.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு வியாபாரிகள் எதிரெதிரே நின்று ஒரு அட்டைக்குச் சண்டை போட்டார்கள். ஒருவர் முகப்பைப் பார்க்க, மற்றவர் வெறும் வெள்ளைப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கத்தினார். அட்டைக்கு எதற்கு முகப்பும் முதுகும்?

திங்கட்கிழமை ஜைனப் மேடத்தின் மேஜையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தேன். உண்மையில் அது கண்ணாடி இல்லை, உடையாத பிளாஸ்டிக். நடுவில் ரேகை, வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி. முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. இப்படிப் பிடித்தால் வலம், அப்படிப் பிடித்தால் இடம்.

மேடம் அதை ஜன்னல் வெயிலில் பிடித்தார். மேஜை முழுக்க நிறம் விழுந்தது.

“மிஷின் எந்தப் பக்கம் வச்சாலும் படிக்குமா?”

“படிக்கும் மேடம். மிஷினுக்குச் சகுனம் கிடையாது.”

அன்றைக்கும் ஆபீஸில் பிரியாணி.

புது அட்டைகளில் முதல் கட்டு அச்சாகி வந்த மாதமே எங்களுக்குக் கல்யாணம். திருமாறன் வீட்டார் முறைப்படி உப்பும் சர்க்கரையும் வாங்கிவந்து பேச்சை உறுதி செய்தபோது, ஒருவர்கூட அட்டையைக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஷர்மிதா வந்திருந்தாள். விரலில் தோல் புதிதாக வளர்ந்து, பழைய சுழி அப்படியே திரும்பியிருந்தது. நிச்சயத்தை நிறுத்திய மாப்பிள்ளை வீட்டார் திரும்பவும் ஆள் அனுப்பினார்களாம். அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். “விரலப் பாத்துட்டு வர்றவங்க எனக்கு எதுக்குக்கா?” என்றாள்.

தாலி கட்டி முடிந்ததும் பதிவாளர் மேடைக்கு மிஷினோடு வந்தார். அட்டை வைக்க வேண்டும். நான் என் புது அட்டையைக் கையில் எடுத்தேன். மாம்பழ மஞ்சள் வெயிலில் மின்னியது. இத்தனை பேசியவள், இந்த அட்டையைச் செய்தவள், அதில் அர்த்தம் ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் சொன்னவள், என்ன செய்தேன் தெரியுமா? யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை மெல்லத் திருப்பினேன். வலஞ்சுழி என் பக்கம் வரும்வரை.

நிமிர்ந்தால் எதிரில் வளர்மதி அத்தை. அட்டையை அந்தப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கட்டைவிரலைத் தூக்கி, என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் முழுக்கப் பூரித்துப்போனது.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க!” என்று மாமாவைக் கூப்பிட்டார், மண்டபத்துக்கே கேட்கும் குரலில். “நான் நிக்கற பக்கமிருந்து பாத்தா, அம்மணி என்னையாட்டவே இருக்கறா!”

நான் அட்டையைத் திருப்பாமல் அப்படியே பதிவாளரிடம் கொடுத்தேன்.